பேச்சுத்துணைக்கும் பாடம் வேண்டும்: வாசகர் கேள்வி – பதில்

தனியே வாழும் முதியவர்களின் வீடுகளுக்கு நர்சிங் மாணவிகளை வாரம் ஒருமுறை அனுப்பிப் பழக்கலாம் என்று சென்ற இதழில் ஒரு சிறு பதில் எழுதியிருந்தேன். அதையொட்டிக் கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்தும், அந்த மாவட்டத்தை விட்டு வெளிநாடு சென்றவர்களிடமிருந்தும் கடிதங்கள் வந்துள்ளன. நாகர்கோவில் பகுதியில் சமுதாய நலச் செவிலியப் பாடத்தைப் பல ஆண்டுகள் கற்பித்து ஓய்வு பெற்றவள் என்ற முறையில், அவற்றுள் ஐந்துக்கு இங்கே பதில் எழுதுகிறேன். எழுதியவர்களின் பெயர்களை வெளியிடவில்லை.

கேள்வி: எங்கள் கல்லூரியின் மூன்றாம் ஆண்டு மாணவிகள் கம்யூனிட்டி போஸ்டிங்கில் (ஊருக்குள் சென்று பெறும் களப் பயிற்சியில்) வீடு வீடாகச் செல்கிறார்கள். இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து, குடும்பக் கோப்பை நிரப்பித் திரும்புகிறார்கள். தனியே இருக்கும் ஒரு பெரியவரிடம் மாணவி ஒருத்தி பேச்சுக் கொடுக்க முயன்றபோது, “பிரஷர் பாக்கத்தானே வந்தீய, பாத்தாச்சுல்லா, போங்க” என்று சொல்லிவிட்டார். முதியோரின் தனிமையைப் போக்கும் விதத்தில் இவர்களுக்கு எப்படிப் பயிற்சி அளிப்பது?
– செவிலியர் கல்லூரி ஆசிரியை, தக்கலை

பதில்: அந்தப் பெரியவர் மீது வருத்தப்பட வேண்டாம். நம் பயிற்சியில் எது விடுபட்டிருக்கிறது என்பதை அவர் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டார்.

நான் மாணவியாக இருந்தபோது, கடற்கரை ஊர் ஒன்றில் தனியே இருந்த ஓர் அம்மச்சியின் வீட்டுக்குச் சென்றேன். பையை வெறுந்தரையில் வைக்கக் கூடாது என்பதால், கற்றுத் தந்தபடி செய்தித்தாளை விரித்து அதன்மேல் பையை வைத்தேன். கை கழுவி, இரத்த அழுத்தம் பார்த்து, பதிவேட்டில் எழுதி, கருவிகளைத் திரும்ப அடுக்கிய பின், தாளின் அழுக்குப்பட்ட பக்கம் உள்ளே போகும்படி மடித்தேன். “மக்களே, அந்தப் பேப்பரை இங்கயே வச்சுட்டுப் போறியா?” என்று அம்மச்சி கேட்டார். அது அசுத்தமான தாள், விட்டுச் செல்லக் கூடாது என்று நான் பாடத்தை ஒப்பித்தேன். “வாசிக்க வீட்டில ஒண்ணும் கிடையாது, அதான் கேட்டேன்” என்றார். அன்றைய பதிவேட்டில் ‘குறை எதுவும் இல்லை’ என்று என் கையெழுத்தில்தான் இருந்தது. மறுவாரம் ஒரு முழு நாளிதழை வாங்கிச் சென்றேன். அவர் முதலில் திருப்பியது இரங்கல் அறிவிப்புப் பக்கத்தை. ஒவ்வொரு பெயரையும் விரலால் தொட்டு வாசித்து, தெரிந்தவர் யாரும் இல்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகே நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு முக்கால் மணி நேரம் பேசினார். இரத்த அழுத்தக் கருவியை அன்று நான் வெளியே எடுக்கவே இல்லை.

ஆகவே என் முதல் ஆலோசனை, முதல் இரண்டு சந்திப்புகளுக்குப் பையே வேண்டாம் என்பது. கையில் கருவியோடு போகிறவளுக்கு அதைப் பயன்படுத்தி முடித்தவுடன் எழுந்திருக்கத் தோன்றும். வீட்டுக்காரருக்கும் அவ்வளவுதான் வேலை என்று படும். வெறுங்கையோடு போய் உட்காரும்போதுதான் மாணவிக்குப் பேசத் தெரியவில்லை என்பது அவளுக்கே புலப்படும். அந்தத் தடுமாற்றத்தைப் பற்றி வகுப்பில் பேசுவதுதான் பயிற்சியின் உண்மையான தொடக்கம்.

அடுத்தது சொல்லைப் பற்றியது. தமிழில் ‘தனிமை’ என்ற ஒரே சொல், ஒருவர் தனியாக வாழ்வதையும் குறிக்கும், யாரும் இல்லையே என்று மனம் வாடுவதையும் குறிக்கும். இவை இரண்டும் வேறு வேறானவை. தனியாக வாழ்ந்து நிறைவாக இருப்பவர்கள் உண்டு. மகன், மருமகள், பேரப்பிள்ளைகள் நிறைந்த வீட்டின் பின்னறையில் நாள் முழுவதும் பேச ஆளின்றி இருப்பவர்களும் உண்டு. நம் ஊர் முதியவர்கள் ‘எனக்குத் தனிமையாக இருக்கிறது’ என்று சொல்வது அரிது. “பேச்சுத்துணைக்கு ஆளில்லை”, “சாயங்காலம் ஆனா மனசுக்கு ஒரு மாதிரி வருது”, “வீடு வெறிச்சோடிக் கிடக்கு” என்றுதான் சொல்வார்கள். இந்தச் சொற்களைக் காதில் வாங்கப் பழக்குங்கள். விளவங்கோடு பக்கத்து முதியவர்களின் பேச்சில் மலையாளம் கலந்து வரும். கடற்கரையின் பேச்சு வேறு. வெளிமாவட்ட மாணவிகளுக்கு உள்ளூர் மாணவி ஒருத்தியை இணையாகச் சேர்த்து அனுப்புவது, பாதுகாப்புக்கும் மொழிக்கும் நல்லது.

அளந்து பார்க்க வேண்டுமென்றால், கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் 1978-இல் உருவான தனிமை அளவுகோலின் மூன்று கேள்விச் சுருக்கம் போதும். கூடப் பேசிப் பழக ஆளில்லை என்று எவ்வளவு அடிக்கடி தோன்றுகிறது, ஒதுக்கிவிடப்பட்டதாக எவ்வளவு அடிக்கடி தோன்றுகிறது, மற்றவர்களிடமிருந்து பிரிந்து நிற்பதாக எவ்வளவு அடிக்கடி தோன்றுகிறது என்பவை அக்கேள்விகள். ‘அநேகமாக இல்லை’ என்பதற்கு 1, ‘சில நேரம்’ என்பதற்கு 2, ‘அடிக்கடி’ என்பதற்கு 3 என்று கூட்டினால், 3 முதல் 9 வரை மதிப்பெண் வரும். ஆனால் இதை முதல் நாளே தாளும் பேனாவுமாகக் கேட்டால், உங்கள் பெரியவர் மறுபடியும் “போங்க” என்றுதான் சொல்வார். மூன்றாவது சந்திப்பில், பேச்சினூடே கேட்கட்டும்.

வகுப்பறையில் செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது. ஒருத்தியின் காதில் பஞ்சை அடைத்து, கண்ணாடியில் தேங்காய் எண்ணெயைப் பூசி அணிவித்து, மற்றொருத்தியை அவளிடம் பேசச் சொல்லுங்கள். ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தால் தன் முகம் மற்றவருக்குத் தெரியாது என்பது அப்போதுதான் புரியும். கேள்வி கேட்கும் முறையையும் மாற்றிப் பழக்குங்கள். ‘சாப்பிட்டீங்களா?’ என்று கேட்டால் ‘ஆச்சு’ என்பதோடு பேச்சு முடியும். ‘இன்னைக்கு என்ன கறி வச்சீங்க?’ என்று கேட்டால் மீன்காரர் வராத கதை, மரச்சீனியின் விலை, இறந்துபோன கணவருக்குப் பிடித்த குழம்பு என்று வழி திறக்கும். முதியவர் பேச்சை நிறுத்தியதும் அடுத்த கேள்வியை எறியாமல், மனத்துக்குள் பத்து எண்ணும் பழக்கம் வேண்டும். இருபது வயதில் இது மிகக் கடினம் என்பதை நான் அறிவேன். சொல்ல வந்த முக்கியமான விஷயம் பெரும்பாலும் அந்தப் பத்துக்குள்தான் வெளியே வரும்.

“நான் இருந்தென்ன, இல்லாட்டி என்ன, யாருக்கு வேணும்?” என்று ஒருவர் சொல்லும்போது, நம் பிள்ளைகள் உடனே “அப்படியெல்லாம் சொல்லாதீங்க பாட்டி” என்று வாயை அடைத்துவிடுகிறார்கள். அன்பினால்தான் அப்படிச் செய்கிறார்கள். ஆனாலும் அது வாயை அடைப்பதுதான். “எப்போதிலிருந்து அப்படித் தோணுது பாட்டி?” என்று கேட்கச் சொல்லிக் கொடுங்கள். தனிமையைக் குறைக்கும் முயற்சிகளைத் தொகுத்து ஆராய்ந்து 2011-இல் வெளிவந்த ஒரு கட்டுரை, வெறுமனே ஆட்களைச் சந்திக்கவைப்பதைவிட, ‘நான் யாருக்கும் வேண்டாதவன்’ என்ற எண்ணத்தை மெல்ல ஆராயவைக்கும் முயற்சிகளே கூடுதல் பலன் தந்தன என்று காட்டியது.

ஒரு மாணவி இணைக்கு ஒரே முதியவர், வாரம் ஒருமுறை, ஒரு மணி நேரம், எட்டு வாரமாவது. இதற்குக் குறைவாக என்றால் தொடங்கவே வேண்டாம் என்பது என் கருத்து. அக்டோபர் 1 முதியோர் தினத்தன்று ஆப்பிள் பழத்தோடு போய்ப் புகைப்படம் எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடுவதை நான் பயிற்சி என்று ஒப்புக்கொள்ள மாட்டேன். ஒருவரின் வெறுமையான வீட்டைப் படம் எடுத்து ஊருக்குக் காட்ட நமக்கு உரிமை கிடையாது.

கேள்வி: ஊசி போடவும் புண்ணைச் சுத்தம் செய்யவும் கற்க வேண்டிய பிள்ளைகளைக் கதை பேச அனுப்புவது சரியா? இதை யார் வேண்டுமானாலும் செய்யலாமே?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: யார் வேண்டுமானாலும் செய்யலாம் என்பதில் உண்மை இருக்கிறது. கொரோனா காலமான 2020-இல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் 240 பேரை வைத்து நடத்திய ஆய்வில், 17 முதல் 23 வயது வரையிலான இளைஞர்கள், பரிவோடு கேட்பதற்கான சிறு பயிற்சி மட்டும் பெற்று, நான்கு வாரம் தொலைபேசியில் பேசினார்கள். எதைப் பற்றிப் பேசுவது என்பதை மறுமுனையில் இருந்தவரே தீர்மானித்தார். அழைப்பு கிடைக்காதவர்களோடு ஒப்பிடும்போது, கிடைத்தவர்களிடம் தனிமையுணர்வும் மனச்சோர்வும் பதற்றமும் குறைந்திருந்தன. உங்கள் பேரனும் இதைச் செய்யலாம், செய்யட்டும்.

செவிலியம் படிப்பவளுக்கு இதில் தனி இடம் உண்டு என்று நான் சொல்வதற்குக் காரணம், முதுமையின் தனிமை பல நேரம் உடம்பின் வழியாக வருகிறது என்பதுதான். தவறாமல் கோயிலுக்குப் போய்வந்த ஒரு தாத்தா, தோவாளைப் பக்கத்தவர், போவதை நிறுத்திவிட்டார். வீட்டார் அதை வயதின் மேல் போட்டார்கள். “எப்போதிலிருந்து போகவில்லை?” என்று என் மாணவி கேட்டாள், மருந்துச் சீட்டைப் பார்த்தாள். காலையில் விழுங்கும் நீர் மாத்திரையைத் தொடங்கிய மாதமும் கோயிலுக்குப் போவதை நிறுத்திய மாதமும் ஒன்றாக இருந்தன. நான்கு தெரு தாண்டுவதற்குள் சிறுநீர் முட்டிவிடும், வேட்டி நனைந்துவிடுமோ என்ற அச்சத்தை அவர் மகனிடம்கூடச் சொல்லவில்லை. மருத்துவரிடம் சொல்லி மாத்திரை நேரத்தை மாற்றியதும் கோயிலுக்குப் போகத் தொடங்கினார். (மருத்துவரைக் கேட்காமல் யாரும் நேரத்தை மாற்றிவிட வேண்டாம்.) காதில் அடைத்த அழுக்கால் பேச்சு கேட்காமல் கூட்டத்தை வெறுப்பவர், பொருந்தாத பல்செட்டால் கல்யாண வீட்டுப் பந்தியைத் தவிர்ப்பவர், முட்டுவலியால் பேருந்துப் படி ஏற முடியாதவர் என்று எத்தனையோ பேர். இவற்றைக் கண்டுபிடிப்பது கதை பேசுகிற நேரத்தில்தான் நடக்கும்.

உலக சுகாதார நிறுவனம் 2025 ஜூனில் வெளியிட்ட அறிக்கை, உலகில் ஆறில் ஒருவர் தனிமையுணர்வால் பாதிக்கப்படுவதாகவும், ஆண்டுக்கு எட்டு லட்சத்து எழுபதாயிரத்துக்கு மேற்பட்ட இறப்புகளோடு அதற்குத் தொடர்பிருப்பதாகவும் மதிப்பிடுகிறது. மாரடைப்பு, பக்கவாதம், மறதி நோய் ஆகியவற்றின் வாய்ப்பை அது கூட்டுகிறது. ஆகவே புண்ணைச் சுத்தம் செய்வதைப் போலவே இதுவும் நர்ஸின் வேலைதான் ஐயா.

கேள்வி: நான் நர்சிங் மாணவி. குலசேகரம் பக்கம் தனியே இருக்கும் ஒரு பாட்டியின் வீட்டுக்கு இரண்டு மாதமாகப் போகிறேன். அவருடைய கணவர் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுக்குப் போனவர், இறந்துவிட்டார். பிள்ளைகள் சென்னையில். பாட்டி கேட்டதால் என் போன் நம்பரைக் கொடுத்தேன். இப்போது தினமும் இரவு கூப்பிடுகிறார். பரீட்சைக்காக ஒருநாள் எடுக்கவில்லை. அடுத்த முறை போனபோது முகம் கொடுத்துப் பேசவில்லை. இன்னும் நான்கு வாரத்தில் என் போஸ்டிங் முடிகிறது. நான் தவறு செய்துவிட்டேனா?
– மாணவி, மார்த்தாண்டம்

பதில்: நீ தவறு செய்யவில்லை, மகளே. எப்படி விடைபெறுவது என்று கற்றுத் தராமல் உன்னை அனுப்பியவர்கள் செய்த தவறு அது. கற்பித்த காலத்தில் நானும் அதையே செய்திருக்கிறேன் என்பதால் இதை மனவருத்தத்தோடு எழுதுகிறேன்.

முதல் சந்திப்பிலேயே ‘நான் இத்தனை வாரம் வருவேன், இன்ன தேதியோடு முடியும்’ என்று சொல்லி, அந்த வீட்டுக் காலண்டரில் அவர் கையாலேயே குறிக்கச் செய்வதுதான் சரியான முறை. அது நடக்காததால், இந்த வாரமே சொல்லிவிடு. கடைசி நாளில் சொல்லலாம் என்று தள்ளிப்போடாதே. பாட்டி அழுவார். உடனே சமாதானம் சொல்ல முயலாமல், கூட இரு. கணவரை இழந்து, பிள்ளைகளை ஊருக்கு அனுப்பியவருக்கு உன் பிரிவு புதிதல்ல. சொல்லாமல் நின்றுபோவதைத்தான் தாங்க மாட்டார்.

போன் விஷயத்தில், நம்பரை பிளாக் செய்யாதே. இரவெல்லாம் எடுத்துக்கொண்டும் இருக்காதே. “பாட்டி, ராத்திரி எனக்குப் படிப்பு இருக்கு. செவ்வாயும் வெள்ளியும் சாயங்காலம் ஆறு மணிக்கு நானே கூப்பிடுவேன்” என்று சொல்லி, சொன்ன நேரத்தில் கூப்பிடு. விளக்கு வைக்கும் நேரம்தான் பலருக்கும் நெஞ்சு கனக்கும் நேரம். நாம் போஸ்டிங் போவதோ காலை பத்து மணிக்கு. இதை உன் ஆசிரியையிடமும் சொல். அவருக்குத் தெரியாமல் இந்தச் சுமையை நீ மட்டும் தூக்கக் கூடாது.

கடைசி இரண்டு சந்திப்புகளுக்கு, உனக்குப் பின் வரப்போகும் ஜூனியர் மாணவியையும் அழைத்துப் போ. அதோடு, அந்தத் தெருவிலேயே இருப்பவர்களில் பாட்டியின் வீட்டுக்கு வந்துபோகக் கூடியவர் யார் என்று பார்: பக்கத்து வீட்டுக்காரர், கோயில் அல்லது சர்ச் பெண்கள் சங்கம், மகளிர் குழு, மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்தில் மாத்திரை கொண்டுவரும் தன்னார்வலர். மாணவி போய்விடுவாள், தெரு இருக்கும். ஆகவே தெருவோடு பாட்டியைத் திரும்ப இணைத்துவிட்டு வருவதுதான் உன் வேலையின் பெரும்பகுதி. இன்னொன்றும் செய். பாட்டிக்குத் தெரிந்த ஒன்றை, பனையோலைப் பெட்டி முடைவதோ மரச்சீனிப் புட்டோ, அவரிடம் கற்றுக்கொள். வாங்கிக்கொண்டே இருப்பவருக்கு மனம் சுருங்கும். கொடுக்க ஏதாவது இருந்தால் நிமிர்ந்து உட்காருவார். அவர் தரும் சாயாவை வேண்டாம் என்று சொல்லாதே. பணம் கொடுத்தால் மட்டும் வாங்காதே.

ஒரு விஷயத்தில் கண்டிப்பாக இரு. இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் நாட்டமில்லாமல், சாப்பிடாமல், தூங்காமல் இருக்கிறார் என்றாலோ, “போய்ச் சேர்ந்துட்டா நல்லது” என்று அடிக்கடி சொல்கிறார் என்றாலோ, அது தனிமையைத் தாண்டிய மனச்சோர்வாக இருக்கலாம். “உயிரை மாய்த்துக்கொள்ள வேண்டும் என்று தோன்றுகிறதா, பாட்டி?” என்று நேராகக் கேள். கேட்பதனால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. ஆம் என்றால் தனியே விட்டுவிட்டு வராதே. அங்கிருந்தே ஆசிரியையைக் கூப்பிடு. யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று பாட்டி கேட்டாலும் அந்த வாக்குறுதியை மட்டும் தராதே. டெலி மானஸ் 14416 என்ற எண்ணில் எந்த நேரமும் மனநல ஆலோசனை கிடைக்கும். யாராவது அடிப்பதாகவோ சொத்துக்காகத் துன்புறுத்துவதாகவோ தெரிந்தால், முதியோர் உதவி எண் 14567.

கேள்வி: நானும் நர்ஸான என் மனைவியும் குவைத்தில் இருக்கிறோம். அம்மா கருங்கல் அருகே தனியாக இருக்கிறார். வீட்டில் கேமரா வைத்திருக்கிறேன், தினமும் பேசுகிறேன். எப்போது கேட்டாலும் “சுகமா இருக்கேன்” என்கிறார். மாணவிகளை வரச் சொல்லலாமா என்று கேட்டதற்கு, “எனக்குப் பிள்ளை இல்லையா?” என்று கோபப்பட்டார். என்ன செய்வது?
– வாசகர், குவைத்

பதில்: தம்பி, அம்மாவின் கோபம் நியாயமானது. ‘உங்களைப் பார்த்துக்கொள்ள ஆள் அனுப்புகிறேன்’ என்றுதானே அவர் காதில் விழுந்திருக்கும்? அப்படிச் சொல்லாமல், படிக்கிற பிள்ளைகளுக்கு முதியவர்களோடு பழகக் கற்றுத் தர ஒரு வீடு தேவைப்படுகிறது, நீங்கள் உதவுவீர்களா என்று கேட்கச் சொல்லுங்கள். மனைவியே கேட்டால் இன்னும் நல்லது. இது தந்திரமில்லை, முழு உண்மை. அப்படிப்பட்ட வீடுகள் இல்லாமல் இந்தப் பிள்ளைகள் எங்கே போய்க் கற்பார்கள்? அப்போதும் அவர் வேண்டாம் என்றால், அதை ஏற்றுக்கொள்ளுங்கள்.

நெய்யூரில் 1838-இல் மருத்துவ மிஷன் பணி தொடங்கிய மாவட்டம் நம்முடையது. இங்கே படித்த நர்ஸுகள் இன்று எத்தனையோ நாடுகளில் பிறருடைய பெற்றோரைப் பராமரிக்கிறார்கள். அவர்களைப் பெற்றவர்களில் பலர் புதிதாகக் கட்டிய மாடி வீட்டில் ஒரே அறையில் மட்டும் விளக்கைப் போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். இதை உங்களைக் குற்றம் சொல்ல எழுதவில்லை. பிழைப்புக்காகப் போனவர்கள் எல்லோருடைய நெஞ்சிலும் இது இருக்கிறது என்று அறிவேன்.

கேமராவை அம்மாவின் சம்மதத்தோடுதான் வைத்தீர்களா என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்; வரும் மாணவியிடமும் அது இருப்பதைச் சொல்லிவிட வேண்டும். தினமும் ‘சாப்டியா, மாத்திரை போட்டியா’ என்று விசாரிப்பதை விட்டு, அவரால் மட்டுமே பதில் சொல்ல முடிந்த ஒன்றைக் கேளுங்கள். மேற்கு விளையின் எல்லைக்கல் எங்கே இருந்தது, அப்பாவின் பெரியம்மா மகளை எந்த ஊரில் கட்டிக் கொடுத்தார்கள், மீன் அவியலுக்கு மாங்காய் எப்போது போட வேண்டும்? “சுகமா இருக்கேன்” என்பதற்கு அப்பால் போக இது ஒரு வழி.

கேள்வி: நான் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர், வயது 79. மனைவி காலமான பின் தனியே இருக்கிறேன். வீட்டுக்கு வரும் நர்சிங் மாணவிகள் நல்ல பிள்ளைகள்தான். ஆனால் ‘தாத்தா, சமத்தா மாத்திரை சாப்பிட்டீங்களா?’ என்று குழந்தையிடம் கேட்பதுபோல் உரத்த குரலில் கேட்கிறார்கள். எனக்குக் காது நன்றாகவே கேட்கிறது. வர வேண்டாம் என்று சொல்லிவிடலாமா?
– வாசகர், அகஸ்தீஸ்வரம்

பதில்: ஐயா, அந்தப் பிள்ளைகளின் சார்பில் வருந்துகிறேன். உங்களை எப்படி அழைப்பது என்று முதல் நாளே கேட்டிருக்க வேண்டும். காது கேட்கிறதா என்பதை அறிந்த பின்னரே குரலை உயர்த்தியிருக்க வேண்டும். தக்கலை ஆசிரியைக்கு எழுதிய பதிலில் இதைச் சேர்க்காமல் விட்டது என் பிழை. கல்லூரி ஆசிரியைகள் இந்தக் கடிதத்தை வகுப்பில் வாசித்துக் காட்டும்படி கேட்டுக்கொள்கிறேன்.

ஆனால் கதவைச் சாத்திவிட வேண்டாம். அடுத்த முறை வரும்போது, “என்னைச் சார் என்று கூப்பிடு, மெதுவாகப் பேசு, எனக்குக் கேட்கும்” என்று நேராகவே சொல்லுங்கள். நாற்பது பிள்ளைகள் இருந்த வகுப்பை அடக்கியவருக்கு இது பெரிய காரியமில்லை. அதன் பிறகு, உங்களைப் பற்றி அவர்கள் எழுதும் கேஸ் ஸ்டடியைக் கொண்டுவந்து காட்டச் சொல்லுங்கள். ஆங்கிலத்தில் எழுதியிருப்பார்கள், பிழைகள் நிறைய இருக்கும், உங்களைப் பற்றிய விவரங்களிலும் தவறு இருக்கும். சிவப்பு மைப் பேனா ஒன்றை எடுத்து வையுங்கள்.